மைனஸ் ரூம் தரை

புத்தூர்
21 ஜூலை 2024

என் பேத்தி தரணிக்கு, ஆயா தாட்சாயணி எழுதுவது. நானும் உன் மாமன் முனிரத்தினமும் அவன் பெண்டாட்டி ரோஹிணியும் இங்கே சுகம். உன் அம்மா காஞ்சனா திருப்பதியிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், இளைத்திருக்கிறாள். நீ அந்த லே மலையில் மூச்சு முட்டாமல் இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போனில் சொல்லாதே. போனைக் காதில் வைத்தால் எனக்கு வண்டுதான் கேட்கிறது. "அவ சொல்றத நான் சொல்றேம்மா" என்று உன் மாமன் வாங்கிக்கொள்வான், பத்து வார்த்தைக்கு ஒன்று சொல்வான்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்குப் பின்னால், நாம் விற்ற நிலத்தில் கட்டிய கோல்டு ஸ்டோரேஜில், மைனஸ் ரூம் என்கிறார்களே, மாம்பழத் துண்டை இருபது டிகிரி மைனஸில் வைக்கிற அறை, அதன் தரை எழும்பிவிட்டது. நடுவில் ஒரு ஆள் குப்புறப் படுத்த மாதிரி மேடு. பெட்டி அடுக்குகிற ராக்கு எல்லாம் சாய்ந்துவிட்டன. கதவு பாதியில் நின்றுவிடுகிறது. உன் மாமன் அங்கே சூப்பர்வைசர் என்பதால் ராத்திரி பகல் அவனுக்குத்தான் திட்டு.

சித்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். தரைக்கு அடியில் இரண்டு அடுக்கு தெர்மோகோல் போட வேண்டும், மேஸ்திரி ஒரு அடுக்குப் போட்டு ஏமாற்றியிருப்பான் என்று சொல்லிவிட்டார். அந்த மேஸ்திரி யார் என்று உனக்குத் தெரியும். நாகபூஷணம். என் அண்ணன் மகன். 1994 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மாவுக்கும் அவனுக்கும் தாம்பூலம் மாற்றினோம். பதினேழாம் நாள் அவன் சத்தியவேட்டில் வேறொருத்தி கழுத்தில் தாலி கட்டினான். கொடுக்காமல் மிஞ்சிய பத்திரிகை முந்நூற்றுப் பன்னிரண்டு. அதை எரித்துத்தான் அன்றைக்கு வெந்நீர் வைத்தேன்.

மண் உறைவதைத்தானே நீ படிக்கிறாய். "உங்க பேத்தி எழுதிக் குடுத்தா போதும்" என்று ஓனர் வெங்கடரமணன் உன் மாமனிடம் சொன்னாராம். நாகபூஷணம் ஏமாற்றினான் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. முத்திரை இருந்தால் முத்திரையும் போடு.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு.

ஆயா தாட்சாயணி

*

லே
9 ஆகஸ்ட் 2024

ஆயாவுக்கு உன் தரணி. மூச்சு பழகிவிட்டது. சோறும் கிடைக்கிறது, ஆனால் இந்த உயரத்தில் குக்கரில் பத்து விசில் வைத்தால்தான் பருப்பு வேகும். உன் முட்டி வலிக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா?

நீ கேட்டபடி எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

இங்கே குளிர்காலத்தில் தார்ச்சாலை இப்படித்தான் தூக்கிக்கொள்கிறது. எங்கே தூக்கும், எவ்வளவு தூக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீர் உறைந்தால் கொஞ்சம் உப்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது மட்டும் இவ்வளவு தூக்காது. மண்ணில் ஐஸ் பிடிக்கிற இடம், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, கீழே இருக்கிற ஈரத்தை மேலே இழுக்கும். இழுத்த தண்ணீர் அங்கேயே உறைந்து தகடு தகடாகச் சேரும். அந்தத் தகடுகள்தான் மேலே இருப்பதைத் தூக்குகின்றன.

மைனஸ் ரூம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் தெர்மோகோலுக்குக் கீழே குழாய்களைப் பதித்து, இரண்டு பக்கச் சுவரிலும் வாயைத் திறந்து விடுவார்கள். வெளிக்காற்று அதில் ஓடிக்கொண்டே இருந்தால் நம் ஊர்ச் சூட்டுக்கு மண் உறையவே உறையாது.

அதனால் எனக்குச் சில விஷயம் வேண்டும். கட்டடத்துக்கு அடியில் என்ன மண், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், தரை எந்த இடத்தில் எவ்வளவு எழும்பியிருக்கிறது, தெர்மோகோல் எத்தனை அடுக்கு. முக்கியமாக, பின்பக்கச் சுவரில் குழாய் வாய்கள் திறந்திருக்கின்றனவா.

மாமாவிடம் கேட்டு எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தரணி

*

புத்தூர்
24 ஆகஸ்ட் 2024

தரணிக்கு ஆயா. நீ அனுப்பிய தைலம் வந்தது, வாசனைதான் நன்றாக இருக்கிறது. இங்கே பெங்களூரா மாம்பழ சீசன் முடிந்துவிட்டதால் லாரிச் சத்தம் இல்லை. ரோஹிணிக்கு ஜுரம் வந்து தெளிந்தது.

மண்ணைப் பற்றி மாமனிடம் எதற்குக் கேட்க வேண்டும், அவனுக்கு என்ன தெரியும். அந்த இடம் உன் தாத்தா காலத்தில் குட்டை. மேலே இரண்டு அடி செம்மண், அதற்குக் கீழே கரம்பை. ஈரத்தில் பிசைந்தால் களி மாதிரி, காய்ந்தால் முகத்துக்குப் பூசுகிற மாவு மாதிரி. 1983-ல் அங்கே கிணறு வெட்டினோம், ஒன்பது அடியில் ஊற்று. நடுவில் பல வருஷம் தண்ணீர் கீழே போய்விட்டது. திருப்பதித் தெருவில் கார் மிதந்த மழை வந்ததே, 2021-ல், அதற்குப் பிறகு மறுபடியும் பழைய ஊற்று வந்துவிட்டது. நம் வீட்டுச் சமையலறைத் தரையே இரண்டு மாசம் வேர்த்தது.

தரையை அளக்க உன் மாமன் டியூப் மட்டத்தை எடுத்துக்கொண்டு போனான். குழாயில் இருந்த தண்ணீர் கால் மணியில் உறைந்துபோயிற்று. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்களாம். பிறகு நூல் கட்டி அளந்தான். நடுவில் ஆறு விரக்கடை. உன் கணக்குக்குப் பதினொரு சென்டிமீட்டர் என்று எழுதச் சொன்னான். தெற்கில் நான்கு, ஐந்து. வடக்கு மூலையில் மட்டும் ஒன்றும் இல்லை, தரை போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

தெர்மோகோல் எத்தனை அடுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும். போட்டவனைக் கேட்டால் அவன் வாயிலிருந்து உண்மை வருமா. தாம்பூலத் தட்டை வாங்கிய கையோடு பொய் சொன்னவன்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். இனி உன் தாளை அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

ஆயா

*

லே
15 செப்டம்பர் 2024

ஆயாவுக்கு தரணி. ரோஹிணி அத்தைக்குச் சரியானது கேட்டுச் சந்தோஷம். எனக்குச் சளி, வேறொன்றும் இல்லை.

நீ சொன்ன மண்ணையும் தண்ணீரையும் போட்டு பதினைந்து நாளாகக் கணக்கை ஓட்டுகிறேன். இரண்டு அடுக்கு தெர்மோகோல் என்று வைத்தால் தரை அசையவே இல்லை. பூஷணம் மாமா ஒரு அடுக்குத்தான் போட்டார் என்று வைத்தால் ஐந்து வருஷத்தில் ஒன்றரை சென்டிமீட்டர். உங்கள் தரையோ பதினொன்று எழும்பியிருக்கிறது. வடக்கு மூலை ஏன் எழும்பவில்லை என்பதற்கு எதிலும் பதில் இல்லை. அப்படியானால் சித்தூர் இன்ஜினியர் சொன்னது தப்பு, அல்லது என் கணக்கு தப்பு.

என் கைடு இரண்டாவதுதான் என்கிறார். "சொந்த வீட்டுப் பின்னாடி இருக்கிற தரைக்கே பொருந்தாத மாடலை வச்சுக்கிட்டு ராணுவச் சாலைக்கு எப்படிச் சொல்லப்போற" என்று அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆயா, நீ குழாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 1983-ல் கிணற்றில் எத்தனை அடியில் ஊற்று என்று சொல்கிறாய். எரித்த பத்திரிகை எத்தனை என்று சொல்கிறாய். கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற பாம்புப் புற்றுக்குத் தினமும் விளக்கு வைக்கப் போகிறாயே, அந்தப் பின்சுவரில் குழாய் வாய் திறந்திருக்கிறதா என்று உனக்குத் தெரியாதா? முனிரத்தினம் மாமாவுக்குப் போன் செய்தேன். "பின்னாடி சைடு எல்லாம் அம்மா பாத்துக்கறாங்க, லேபருங்க அந்தப் பக்கம் போவ மாட்டாங்க, அம்மாவையே கேட்டுக்கோ" என்றார்.

கேட்கிறேன். எழுது.

தரணி

*

புத்தூர்
2 அக்டோபர் 2024

தரணிக்கு. நான் சாகவில்லை, இருக்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் என்று கேள்விப்பட்டதுண்டா நீ? திருப்பதி வக்கீல் மூலமாக ஓனர் நாகபூஷணத்துக்கு அனுப்பிவிட்டார். சங்கராந்திக்குள் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றினான் என்று போலீஸில் கேஸ். சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிகளில் அவன் செய்துகொண்டிருந்த இரண்டு வேலையையும் நிறுத்திவிட்டார்களாம். ஊரெல்லாம் அதுதான் பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். முப்பது வருஷத்துக்குப் பிறகு என் வீட்டு வாசலில். "அத்தே, அத்தே" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றான். நான் கதவைத் திறக்கவில்லை. ஏதோ சொன்னான், எனக்குக் காதில் விழவில்லை. ரோஹிணி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், அதற்கு அவளுக்குச் சாயந்திரம் விட்டேன் பார் ஒரு திட்டு.

நீ குழாய் குழாய் என்கிறாய். ஒரு தாள் எழுதிக் கொடு என்றால் உன் ஆயாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி கேள்வி கேட்கிறாய். படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று தெரிந்திருந்தால் உன்னைப் பத்தாவதோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன். அவன் உன் அம்மாவைக் கட்டியிருந்தால் நீ பிறந்தே இருக்க மாட்டாய், அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்.

சளிக்கு மிளகு போட்டுப் பால் குடி.

தாட்சாயணி

*

லே
20 அக்டோபர் 2024

ஆயாவுக்கு தரணி. இங்கே ஓடைத் தண்ணீரில் காலையில் ஐஸ் ஆடை கட்ட ஆரம்பித்துவிட்டது. மிளகு கிடைத்தது, பால் குடிக்கிறேன்.

நீ சொன்னது சரி, அவர் அம்மாவைக் கட்டியிருந்தால் நான் இல்லை. அந்த வகையில் எனக்கு அவர் மேல் கோபம் வரக் காரணமே கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது, கேட்டுப் பார். நீ ஒருத்திதான் இன்னும் அந்த வெந்நீரை ஆறவிடாமல் வைத்திருக்கிறாய்.

முந்தாநாள் ஒரு காரியம் செய்தேன். கணக்கில் குழாய்களை மூடினேன். காற்று ஓடவில்லை என்று வைத்தேன். இரண்டு அடுக்கு தெர்மோகோலோடுதான். முதல் வருஷம் ஒன்றும் இல்லை, குளிர் மெதுவாகக் கீழே இறங்குகிறது. இரண்டாம் வருஷம் மூன்று சென்டிமீட்டர். மூன்றாம் வருஷ முடிவில் பத்தே முக்கால்.

ஆனால் வடக்கு மூலையும் சேர்ந்தே எழும்புகிறது. அங்கே மட்டும் ஏன் எழும்பவில்லை? எல்லாக் குழாயும் அடைபடவில்லை, சில மட்டும் அடைபட்டன என்றால்தான் பொருந்தும். எது, எப்போதிலிருந்து, எதனால் அடைபட்டது என்று தெரியாமல் நான் எழுதிக் கொடுத்தால் அந்த இன்ஜினியர் ஊகித்ததற்கும் நான் ஊகித்ததற்கும் வித்தியாசமில்லை. வக்கீல் அதைக் கிழித்துப் போடுவார்.

ஆயா, அந்தக் குழாய்களை யார் அடைத்தது?

தரணி

*

லே
25 நவம்பர் 2024

ஆயா, ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பதில் இல்லை. நாகுல சவிதிப் பண்டிகையும் போய்விட்டது. நீ வழக்கம்போல் புற்றுக்குப் பால் ஊற்றினாய், குடும்பமே வந்திருந்தது, ஆனால் நீ யாருடனும் பேசவில்லை என்று அம்மா சொன்னாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மட்டுமாவது எழுது. வேறெதுவும் கேட்கவில்லை.

தரணி

*

புத்தூர்
8 டிசம்பர் 2024

என் பேத்தி தரணிக்கு ஆயா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

குழாய் பன்னிரண்டு. தெற்கிலிருந்து எண்ணினால் மூன்றாவது குழாய் வாயில், 2021 நாகுல சவிதி அன்று, திங்கட்கிழமை, விடியற்காலையில் ஒரு நல்லபாம்பு விறைத்துக் கிடந்தது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. தொட்டேன், கல் மாதிரி சில்லென்று இருந்தது. எந்த நாளில் பார் தரணி, பால் ஊற்றப் போன நாளில். அந்தக் குளிர்தான் கொன்றது என்று நினைத்தேன். புற்றிலிருந்து குழாய்க்கு நான்கு அடிகூட இல்லை. நம் நிலத்தில், நாம் விற்றதால் வந்த கட்டடத்தில், நாகம் உள்ளே போய் விறைத்துச் சாகும் என்றால் அந்தப் பாவம் யார் தலையில்?

பாம்பைப் புற்றுக்கு அருகிலேயே புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லேபர் எல்லாம் வேலையை விட்டு ஓடுவார்கள், உன் மாமன் பிழைப்பு போகும். வீட்டுக்கு வந்து பழைய புடவையைக் கிழித்தேன். முதல் ஐந்து குழாய்க்குப் பச்சைச் சுங்குடி, ஆறிலிருந்து ஒன்பது வரை உன் தாத்தாவின் வேட்டி, பத்தாவதுக்குச் சாக்கு. உள்ளே ஒரு முழத்துக்குத் திணித்து, மேலே புற்று மண்ணைக் குழைத்துப் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்தேன். பதினொன்று, பன்னிரண்டுக்குத் துணி இல்லை. மறுநாள் போகலாம் என்று இருந்தேன், மழை பிடித்துக்கொண்டது. பிறகு அந்தப் பக்கம் புற்று இல்லையே என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டும் வடக்கு மூலைக் குழாய்.

மஞ்சள் குங்குமம் பார்த்த பிறகு அங்கே யார் கை வைப்பார்கள். சித்தூர் இன்ஜினியரும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்போது எனக்குத் தெரியாது, துணி அடைத்தால் தரை எழும்பும் என்று யாருக்குத் தெரியும். நீ முதல் கடுதாசியில் எழுதினாயே, அன்றைக்குத் தெரிந்தது. ஆகஸ்டிலிருந்து எனக்குத் தெரியும்.

இன்னொன்று. 2019 மாசியில் அவன் தெர்மோகோல் போட்டபோது நான் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். இரண்டு அடுக்கு. முதலில் நீளவாக்கில், அதற்கு மேல் குறுக்கே, இடுக்கில்லாமல். என் பக்கம் ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்காமல் போட்டான். வாசலில் நின்று அவன் சொன்னதும் எனக்குக் கேட்டது. "நீயே பாத்துக்கினு இருந்தியே அத்தே, ஒரு வார்த்த சொல்லேன்" என்றான்.

உன் கணக்குக்கு வேண்டியதை எழுதிவிட்டேன். என்னை ஒன்றும் கேட்காதே.

தாட்சாயணி

*

லே
19 டிசம்பர் 2024

ஆயாவுக்கு தரணி. இங்கே இரவில் மைனஸ் பதினெட்டு. உங்கள் மைனஸ் ரூமைவிட இரண்டு டிகிரிதான் குளிர் கம்மி. நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடுதாசி வந்த அன்றே பத்துக் குழாயை மூடி, இரண்டைத் திறந்துவைத்து, நீ சொன்ன தேதியிலிருந்து ஓட்டினேன். நடுவில் பத்தே முக்கால். தெற்கில் நாலரை. வடக்கு மூலையில் பூஜ்யம். அரை சென்டிமீட்டர்கூட விலகவில்லை. கைடுக்கு அனுப்பினேன், அத்தியாயத்தை வாங்கிக்கொண்டார்.

அறிக்கை இந்தக் கவரில் இருக்கிறது. என் பெயர், கையெழுத்து, நீ ஆசைப்பட்ட முத்திரை எல்லாம் உண்டு. ஆனால் குழாயை அடைத்தது யார், எப்போது என்று நீ எழுதிய தாள் இல்லாமல் இது வெறும் கணக்குத்தான். தேதியும் துணியும் உன் கையெழுத்தில் இருந்தால்தான் பூஷணம் மாமா தப்பிப்பார். சங்கராந்திக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை.

என்னிடம் உன் கடுதாசி இருக்கிறது. ஓனருக்கு நான் அனுப்ப மாட்டேன்.

குழாயை யாரும் அவசரப்பட்டுத் திறந்து சூடு காட்ட வேண்டாம் என்று மாமாவிடம் சொல். முதலில் அறையைக் காலி செய்ய வேண்டும். பிறகு குளிரை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, குழாயில் மெதுவாகக் காற்று விட வேண்டும். மூன்று வருஷம் சேர்ந்த ஐஸ் ஒரே வாரத்தில் கரைந்தால் தரை பள்ளமாக உட்கார்ந்துவிடும்.

அந்தப் பாம்பு குளிரில் செத்திருக்காது, ஆயா. திறந்த குழாயில் அவ்வளவு குளிர் வராது. வேறெதையோ தின்று செத்திருக்கும்.

தரணி

*

புத்தூர்
20 ஜனவரி 2025

தரணிக்கு ஆயா. பண்டிகை முடிந்தது. உன் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள், பொங்கல் இரண்டு தரம் பொங்கியது. நீ அனுப்பிய ஆப்ரிகாட் பழத்தை எல்லோரும் சாப்பிட்டோம், புளிப்பு.

பாம்பு எதனால் செத்தது என்று லேயில் உட்கார்ந்துகொண்டு நீ சொல்கிறாய். நீ தொட்டுப் பார்த்தாயா?

போகிக்கு முந்தின நாள் பஸ் ஏறிச் சத்தியவேட்டுக்குப் போனேன். உன் மாமனிடம் டாக்டர் வீட்டுக்கு என்று சொன்னேன். நாகபூஷணத்தின் பெண்டாட்டியை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன், கோதை என்று பெயர். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உன் அறிக்கையையும், முத்திரைத் தாளில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டதையும் அவன் கையில் கொடுத்தேன். அவன் நின்றபடியே இரண்டையும் படித்தான், நிதானமாக, திருப்பித் திருப்பி. படித்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"இதக் கிழிச்சிப் போட்டுடு அத்தே. எழுபத்தி மூணு வயசுல ஸ்டேஷனு கோர்ட்டுன்னு அலைஞ்சிக்கினு இருப்பியா? முனிரத்தினத்துக்கும் வேல போவும். எனக்கு ஆவறது ஆவட்டும், சின்னச் சின்ன வீட்டு வேல இருக்குது, துன்றதுக்கு வழியிருக்கு. காஞ்சனா விஷயத்துல நான் பண்ணதுக்கு இதோட சரியாப் போச்சுன்னு வெச்சிக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் எனக்குப் பெருந்தன்மை காட்டுகிறான். முப்பது வருஷம் நான் சுமந்ததை ஒரு தாளைக் கிழித்து நேர் செய்துகொள்ளப் பார்க்கிறான். "அது வேற, இது வேற, ரெண்டையும் ஒண்ணா முடிச்சிக்க நான் விடமாட்டேன்" என்று சொல்லித் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோதை காபியோடு வாசல் வரை ஓடி வந்தாள். குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் நேரே கோல்டு ஸ்டோரேஜ். ஷிப்ட் மாறுகிற நேரம், முப்பது பேர் இருந்தார்கள். ஓனரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் சிரித்தார். "அவ்வா, குழாய்ல துணிய அடச்சா தரை எழும்புமா? யாரு சொல்லிக் குடுத்து அனுப்பினாங்க?" உன் மாமன் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அவன்தான் உன் அறிக்கையைக் கடைசி வரைக்கும் படித்துச் சொன்னான். யாரும் நம்பவில்லை. வாருங்கள் என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் குங்குமத்தில் கை வைக்க ஒரு ஆள் முன்வரவில்லை. நான் வைத்ததை நானே எடுக்கிறேன் என்று நான்காவது குழாயின் மண்ணைத் தட்டிப் புடவையை உருவினேன். பச்சைச் சுங்குடிதான், கரைகூட அப்படியே இருந்தது. ஒருத்தன் கம்பியை உள்ளே விட்டான். நான்கு முழம் போனதும் ணங்கென்று முட்டியது. இழுத்தான், கம்பி நுனியில் ஐஸ் பொடி. பன்னிரண்டாவதில் விட்டான், கம்பி முழுக்க உள்ளே போயிற்று.

ஓனர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அன்று சாயந்திரமே வக்கீலுக்குப் போன் செய்தார். நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொள்வதாக நாகபூஷணத்துக்கு இரண்டு வரியில் கடுதாசி போயிருக்கிறது. வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை அதில் இல்லையாம். அவனுடைய பழைய வேலை ஒன்று திரும்பக் கிடைத்துவிட்டது. மைனஸ் ரூமைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள், நீ எழுதியபடியே மெதுவாகச் செய்யப் போகிறார்கள். உன் மாமன் வேலை போகவில்லை, சம்பள உயர்வு போயிற்று. அவன் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் முன்னால் வைக்கிறான்.

என்னை அவர்கள் ஸ்டேஷனுக்கு அனுப்பவில்லை. அதைவிடப் பெரிதாகச் செய்தார்கள். அன்று ராத்திரியே பின்பக்கத்துக்கு இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். புற்று உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விளக்கு வைத்த இடம் தரணி. பொங்கல் அன்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

குழாய்க்கெல்லாம் வலை அடிக்க நாகபூஷணத்தைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், பாம்பு போகாது, காற்று போகும். வெள்ளிக்கிழமை வந்தவன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஓனராண்ட நான் பேசறேன் அத்தே, கேட்ட தொறக்கச் சொல்றேன்" என்றான். நீ ஒன்றும் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன், அவன் காதில் விழுகிற மாதிரி.

அவன் கேட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறு முதல் ஏழு வரை எனக்கு மட்டும் கேட் திறக்குமாம். ரோஹிணி வந்து சொல்கிறாள், சிரித்துக்கொண்டு.

நாளைக்குச் செவ்வாய். எண்ணெய் கிண்ணத்தில் இருக்கிறது, திரி போட்டுவிட்டேன். போனால் எழுதுகிறேன். எழுதவில்லை என்றால் ஏன் என்று கேட்காதே.

ஆயா தாட்சாயணி